மூலமும் படியும்: பழைய உலாவிகளில் நாஞ்சில் நாட்டுச் சொல்லட்டைகள்

தோற்றுவாய்

நாஞ்சில் நாட்டு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணியில் 2012ஆம் ஆண்டில் யாம் ஈடுபட்டிருந்தபோது, முதுகலை மாணவி ஒருவர் எழுதிக் கொணர்ந்த ஆய்வேட்டு வரைவில் ஒரு தொடர் எம்மைத் திடுக்கிடச் செய்தது. முந்திரி மரத்தை விளவங்கோட்டு வட்டத்து மக்கள் 'கொல்லாமாவு' என்றும் 'கொல்லமாவு' என்றும் இருவகையாக வழங்குவர் என்பது அத்தொடர். முன்னது உண்மை வழக்கு; யாமே காதாரக் கேட்டது. பின்னதை அவ்வட்டத்தில் எவரும் சொல்ல யாம் கேட்டதில்லை. கொல்லம் என்னும் துறைமுகத்தின் பெயரும், மாமரத்தைக் குறிக்கும் 'மாவு' என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்த தொகையாக இஃது இருத்தல் கூடும் எனக் கருதி, அவ்வடிவத்தை யாமே அமைத்து, எம் ஊகம் என்னும் குறிப்புடன் சொல்லட்டையில் வைத்திருந்தோம். ஊகம் எவ்வாறோ மக்கள் வாய்மொழியாகிவிட்டது.

மாணவியைக் குறை கூறுதற்கு இடமில்லை. அவர் சான்றாகக் காட்டிய அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தோம். எம் சொல்லட்டைப் பக்கத்தை ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் அவர் அச்சிட்டிருந்தார். அத்தாளில் 'கொல்லாமாவு கொல்லமாவு முந்திரி மரம் விளவங்கோடு' என எல்லாம் ஒரே அளவான எழுத்தில், ஒரே வரியில் ஓடின. எம் அறையிலிருந்த கணிப்பொறியோ அதே அட்டையை வேறு விதமாகக் காட்டியது. மக்கள் வழக்கு தடித்த எழுத்தில் நின்றது. ஊகம் அடுத்த வரியில் உள்ளே தள்ளிச் சிறிய சாய்ந்த எழுத்தில் நின்றது. அதன் முன்னர் 'எம் ஊகம்' என்னும் சொற்களும் இருந்தன. பக்கம் ஒன்று, கணிப்பொறி இரண்டு, பாடமும் இரண்டு.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. அவ்வாய்வேடு அவ்வாறே ஏற்கப்பட்டிருப்பின், பின்வரும் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதனை மேற்கோளாகக் கொண்டு, 'கொல்லமாவு என்னும் வடிவம் விளவங்கோட்டில் இன்றும் வழங்குதலின், இச்சொல் கொல்லம் என்னும் ஊர்ப்பெயரினின்று பிறந்ததென்பது உறுதி' என எழுதியிருப்பார். எந்தச் சொற்பிறப்பைக் கருதி யாம் அவ்வடிவத்தை அமைத்தோமோ, அச்சொற்பிறப்புக்கே அவ்வடிவம் சான்றாகியிருக்கும். ஊகம் தனக்குத் தானே சாட்சி சொல்லும் நிலை இது. வழக்காராய்ச்சியில் இதனினும் பெரிய இடர் வேறில்லை என்பது எம் கருத்து.

இப்பிழை யாங்ஙனம் நேர்ந்தது என்று தேடப் புகுந்தபோது, எமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு துறைக்குள் நுழைய நேரிட்டது. பழைய உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி ஓர் உறுப்பைப் படியெடுக்கும்போது அப்படி தன் தோற்ற விதிகளை இழக்கும் என்பதே அத்தேடலின் முடிபு. தமிழாராய்ச்சி இதழில் இப்பொருள் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். அவ்வுலாவிகள் வழக்கொழிந்தன, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அதனை ஆக்கிய நிறுவனம் 2022ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஓய்வளித்துவிட்டது. ஆனால் அவற்றின் வழியே அச்சிட்ட தாள்களை நம்பி எழுதிய ஆய்வேடுகள் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டுவார் இன்றும் உளர். சுவடி படித்தற்கு ஏட்டெழுத்தின் இயல்பை அறிய வேண்டுமாறு போல, அக்காலத்து அச்சுத்தாளைப் படித்தற்கு அக்காலத்து உலாவியின் இயல்பையும் ஓரளவு அறிதல் வேண்டும்.

சொல்லட்டையின் அமைப்பு

அந்நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என வட்டங்கள் நான்கு. முன்னைய இரண்டுமே பழைய நாஞ்சில் நாடு. எனினும் ஒப்பீட்டின்பொருட்டு நான்கு வட்டங்களிலும் சொற்களைத் திரட்டினோம். இந்நிலப்பகுதி 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிகளின் கீழ் இருந்தமையின், மேற்கே செல்லச் செல்ல மலையாளச் சாயல் மிகும். சக்கை, மரச்சீனி, விளை போல்வன மாவட்டமெங்கும் கேட்பவை. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் ஆண்ட வழக்குச் சொற்களையும் ஒப்பிடுதற்கு எடுத்துக்கொண்டோம். இவ்வகைத் தொகுப்பில் கேட்ட வடிவம் வேறு, நூலிற் கண்ட வடிவம் வேறு, தொகுப்பாசிரியர் கருதும் வடிவம் வேறு. இம்மூன்றையும் கலந்துவிட்டால் தொகுப்பு குப்பையாகும்.

ஏட்டுச் சுவடிகளில் இவ்வேற்றுமையைக் காட்டும் வழி அருகியே இருந்தது. மெய்க்குப் புள்ளியிடுதல் தொல்காப்பியம் கூறும் விதியேயாயினும் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். ரகரமும் காலும் ஒரு வடிவின. மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் உரைக்கு இடையே கிடந்த மூலத்தைப் பிரித்தெடுக்கப் பட்ட பாடு அறிஞர் அறிந்ததே. அச்சு வந்த பின்னர் மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து, பாடவேறுபாட்டுக்கு அடிக்குறிப்பு என வரையறை செய்துகொண்டோம். கணிப்பொறிப் பக்கத்தில் அவ்வேலையைச் செய்வது நடைத்தாள்.

நடைத்தாளின் இயல்பைச் சுருங்கச் சொல்வோம். வலைப்பக்கம் ஒவ்வொன்றும் உறுப்புகளால் ஆன ஒரு மரம். ஓர் உறுப்பினுள் மற்றோர் உறுப்பு அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. நடைத்தாள் என்பது அம்மரத்துக்குப் புறத்தே நிற்கும் விதித்தொகுதி. 'இன்ன பெயருடைய உறுப்பு இன்ன எழுத்தில் தோன்றுக' என்பது போன்றன அதன் விதிகள். விதி பெயரைப் பற்றியே உறுப்பைச் சேர்கிறது. பெயரை உலாவி அறியாதாயின் விதி சேர்தற்கு இடமின்றி நிற்கும்.

எம் அட்டை முழுவதையும் 'ஆர்ட்டிகிள்' என்னும் பெயருடைய உறுப்பாகவும், ஊகப் பகுதியை அதனுள் 'அசைடு' என்னும் உறுப்பாகவும் அமைத்திருந்தோம். எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பில் புதியனவாகப் புகுந்த பெயர்கள் அவை. அசைடு என்பது ஒருபுறமாக ஒதுக்கிச் சொல்லும் செய்திக்கு உரிய பெயர். ஊகத்துக்கு அதனினும் பொருத்தமான பெயர் இல்லை என எண்ணி மகிழ்ந்தோம். மேலும், ஊகந்தோறும் 'எம் ஊகம்' என எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பெனக் கருதி, அவ்விரு சொற்களையும் நடைத்தாளிலேயே வைத்தோம். ஓர் உறுப்பின் முன்னர் இன்ன சொல்லைத் தானே எழுதிக் காட்டுக என ஆணையிடும் விதி நடைத்தாளில் உண்டு. ஆகவே அச்சொற்கள் பக்கத்தின் உரையில் எங்கும் இல்லை. விதியின் விளைவாகத் திரையில் மட்டும் தோன்றின. எம் தவறு இங்கேதான் தொடங்கியது. இதனை அறிய எமக்கு நெடுநாள் ஆயிற்று.

படியெடுத்தல்

நூற்றுக்கணக்கான சொற்களுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கையால் எழுதுவார் இலர். மாதிரி அட்டை ஒன்றை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்து, நிரல் அதனைச் சொல்தோறும் படியெடுத்து, படியில் அவ்வச்சொல்லை நிரப்பிப் பக்கத்தில் ஒட்டும். இதற்குரிய கட்டளைக்குக் 'குளோன்நோட்' என்று பெயர். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 அக்டோபரில் வெளியிட்ட ஆவண அமைப்பு விதிகளின் முதல் நிலையிலேயே இக்கட்டளை இடம்பெற்றது. ஓர் உறுப்பை மட்டும் படியெடுத்தலும், அதனுள் அடங்கிய உறுப்புகள் அனைத்தோடும் படியெடுத்தலும் என அது இருவகைப்படும். படி பிறக்கும்போது அதற்குத் தாயுறுப்பு இல்லை. மரத்தில் ஓரிடத்தில் ஒட்டிய பின்னரே அது பக்கத்தின் பகுதியாகும்.

படியெடுத்தல் என்பது நமக்குப் பழகிய தொழில். ஏடெழுதுவோரில் இருவகையினர் உண்டு. பொருளுணர்ந்து எழுதுவோர், தாம் அறியாத சொல்லைக் கண்டவிடத்து அறிந்த சொல்லாக மாற்றிவிடுவர். பொருளறியாது எழுதுவோர், வடிவத்தை வரைந்து வைப்பர். அவர் கையில் வடிவம் சிதையும். கணிப்பொறி இவ்விருவர்க்கும் புறம்பானது, அதன் படியில் பிழை நேராது என்பதே எம் எண்ணமாக இருந்தது. பழைய உலாவியோ இரண்டாம் வகை எழுத்தாளரைப் போல நடந்துகொண்டது.

பிழையின் இடம் காணல்

அக்கல்லூரிக் கூடத்துக்கு நேரிற் சென்றோம். அங்கிருந்த கணிப்பொறிகள் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயக்கத்தில் ஓடின. உலாவி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்பு. 2009 மார்ச்சில் வெளிவந்த அப்பதிப்பே எக்ஸ்பி இயக்கத்துக்குக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2011இல் வந்த ஒன்பதாம் பதிப்பு எக்ஸ்பியில் நிறுவ இயலாதது. ஆகவே உலாவியைப் புதுப்பியுங்கள் எனச் சொல்லி வந்துவிட வழியில்லை. இணைய இணைப்பு மெதுவாயிருந்தமையின், எம் பக்கத்தின் படியொன்று கல்லூரியின் உள்வலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதும் அங்கே தெரிந்தது.

முதலில் எழுத்துருவின்மேல் ஐயுற்றோம். தமிழ் ஒருங்குறி எழுத்துகளை எக்ஸ்பி செம்மையாகக் காட்டுதற்குச் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளைத் தனியே நிறுவுதல் வேண்டும்; நிறுவாவிடின் கொம்பு எழுத்துக்கு முன்னில்லாமல் பின்னே நிற்கும். இங்கே அக்குறை இல்லை. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருந்தன. எழுத்துச் சிதைவு வேறு, உறுப்புச் சிதைவு வேறு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிவது நன்று. தமிழ்ப் பக்கம் கெட்டவுடன் எழுத்துருவைப் பழித்தல் நம்மிடை ஊறிப்போன பழக்கம்.

அடுத்து, நடைத்தாள் வந்து சேரவில்லையோ என ஐயுற்றோம். பக்கத்தின் தலைப்பும் வட்டங்களின் பெயர்களும் உரிய நிறத்தில் இருந்தமையின் அவ்வையமும் நீங்கியது. அதன் பின்னரே அட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். உண்மையில் முதலிற் செய்திருக்க வேண்டியது இவ்வொப்பீடே. மாதிரி அட்டையையும் பக்கத்தின் தலையில் காணுமாறு வைத்திருந்தோம். அதில் தடித்த எழுத்தும் உள்தள்ளிய சாய்ந்த எழுத்தும் இருந்தன. 'எம் ஊகம்' என்னும் சொற்கள் மட்டும் இல்லை. படியெடுத்த அட்டைகளிலோ மூன்றும் இல்லை. எனவே குறை ஒன்றன்று, இரண்டு. மூலத்தையும் படியையும் ஒருங்கே பற்றியது ஒன்று. படியை மட்டும் பற்றியது மற்றொன்று. இரு காலத்துப் பிழைகள் ஒரு சுவடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைப் போன்றது இது. இரண்டுக்கும் ஒரு காரணம் தேடுவோர் எந்நாளும் காணார்.

முதற்குறையின் காரணம் விரைவில் விளங்கியது. எட்டாம் பதிப்பில் பழைய பக்கங்களுக்கு இசைந்து நடக்கும் நிலை ஒன்றுண்டு. அதனைக் கம்பேட்டிபிலிட்டி வியூ என்பர். அந்நிலையில் உலாவி தன்னை ஏழாம் பதிப்பாகப் பாவித்துக்கொள்ளும். உள்வலைப் பக்கங்கள் அனைத்தையும் இந்நிலையிலேயே திறப்பது அவ்வுலாவியின் இயல்பமைப்பு. உறுப்பின் முன்னர்ச் சொல்லை எழுதிக்காட்டும் விதியை எட்டாம் பதிப்பு அறியும். ஏழாம் பதிப்பு அறியாது. அதனால் 'எம் ஊகம்' தோன்றவில்லை. விசைப்பலகையில் எப் 12 என்னும் விசையை அழுத்தினால் வரும் சோதனைக் கருவி, பக்கம் எந்நிலையில் திறந்திருக்கிறது என்பதைத் தன் மேற்பட்டியிற் காட்டும். பக்கத்தின் தலைப்பகுதியில், எட்டாம் பதிப்பின் நிலையிலேயே திறக்க எனக் கூறும் வரி ஒன்றைச் சேர்த்தவுடன் மாதிரி அட்டை செம்மையுற்றது. படிகள் அவ்வாறே கெட்டுக் கிடந்தன.

இரண்டாம் குறைக்கு வருவோம். எட்டாம் பதிப்பும் அதற்கு முந்தியனவும் ஆர்ட்டிகிள், அசைடு, செக்‌ஷன், நேவ் முதலிய புதிய பெயர்களை அறியா. அறியாத பெயரைக் கண்டவிடத்து அவை செய்வது வியப்பானது. உறுப்பின் தொடக்கக் குறியை உள்ளீடற்ற ஓர் உறுப்பாகவும், முடிவுக் குறியை மற்றோர் உள்ளீடற்ற உறுப்பாகவும் கொள்ளும். இடையில் அடங்க வேண்டிய உரை இரண்டுக்கும் நடுவே, எதற்கும் உரிமையின்றி வெளியே கிடக்கும். உரையைப் பொதிந்து நின்ற உறை கிழிந்து, பொருள் தெருவில் சிந்தியது போலாம்.

இதற்கு 2008ஆம் ஆண்டளவில் ஒரு மாற்று அறியப்பட்டது. புதிய பெயரால் ஓர் உறுப்பை நிரல் ஒருமுறை ஆக்கிக் காட்டிவிட்டால் போதும். அவ்வுறுப்பை எங்கும் பயன்படுத்த வேண்டுவதில்லை. பெயர் காதில் விழுந்த அளவிலே உலாவி அதனை உறுப்பெனக் கொண்டு விதியையும் ஏற்கும். இதனைக் கண்டு சொன்னவர் சுயூர்டு விசர் என்பார். ஜான் ரெசிக் இதற்கு எச்.டி.எம்.எல். 5 ஷிவ் எனப் பெயரிட்டுப் பரவச் செய்தார். 2009இல் ரெமி ஷார்ப் அதனைச் சிறு நிரலாக்கி வழங்கினார். பக்கத்தின் உடற்பகுதியை உலாவி படிக்கத் தொடங்குமுன் இந்நிரல் ஓட வேண்டும் என்பது கட்டாயம். எம் பக்கத்தில் இது முறைப்படி இருந்தது. மாதிரி அட்டை பிழைத்தது இதனாலேயே.

ஆனால் அப்பெயரறிவு படிக்குச் செல்லவில்லை. சோதனைக் கருவியால் மரத்தை விரித்துப் பார்த்தபோது, மாதிரியில் 'அசைடு' என இருந்த பெயர் படியில் முக்காற்புள்ளி முன்னிற்க ':அசைடு' என நின்றது. ஆர்ட்டிகிளும் அவ்வாறே. பெயரின் முன் ஒரு புள்ளிக்குறி ஏறிவிட, பெயர் வேறு பெயராயிற்று. பெயரைப் பற்றி வரும் விதிகள் அதனை அடையவில்லை. மக்கள் வழக்கைத் தடித்துக் காட்டும் விதியைக்கூட 'ஆர்ட்டிகிளினுள் உள்ள வழக்கு' என யாம் எழுதியிருந்தமையின், தலை போனவுடன் அதுவும் போயிற்று. உலாவி அறியாத பெயருடைய உறுப்பு வரி பிரியாது தொடர்ந்தோடும்; ஆகவே வழக்கும் ஊகமும் பொருளும் ஊரும் ஒரே வரியில் வந்து சேர்ந்தன. மாணவியின் அச்சுத்தாளில் இருந்த பாடம் இவ்வாறு பிறந்தது.

எம்மை மட்டும் பற்றிய இடரன்று இது. ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகொயரி என்னும் நிரல் தொகுதி உலகெங்கும் பரவியது. அதன் பழைய பதிப்புகளைத் திறந்து பார்ப்பின், 'நேவ்' என்னும் உறுப்பை ஆக்கி, அதனைப் படியெடுத்து, படியின் பெயரில் முக்காற்புள்ளி ஏறியிருக்கிறதா எனச் சோதிக்கும் வரி ஒன்றைக் காணலாம். ஏறியிருப்பின் அத்தொகுதி குளோன்நோட்டைக் கைவிட்டு வேறு வழி பற்றும். மூல உறுப்பின் எழுத்துவடிவத்தைப் பெற்று, புதிய பெயர்கள் முன்னரே அறிவிக்கப்பட்ட ஒரு துண்டு ஆவணத்தில் அதனை வைத்துப் புதிதாகப் படிக்கச் செய்யும். வடிவத்தைப் பார்த்து வரைவதை விட்டு, ஒருவர் படிக்க ஒருவர் கேட்டு எழுதும் முறை இது எனலாம். துண்டு ஆவணம் ஒவ்வொன்றுக்கும் பெயர்களைத் தனித்தனியே அறிவித்தல் வேண்டும். பக்கத்துக்கு ஒருமுறை அறிவித்தது துண்டுக்குச் செல்லாது. இதனை அறியாமையால் யாம் இரண்டு நாள் வீணாக்கினோம்.

அம்முறையைக் கையாண்டபின் திரையில் அட்டைகள் எல்லாம் செம்மையுற்றன. மகிழ்ந்து, ஒரு பக்கத்தை அச்சிட்டோம். அச்சில் ஊகம் மீண்டும் வழக்கோடு கலந்து நின்றது!

திரையை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்பின் மாணவிக்கு நேர்ந்தது அடுத்தவர்க்கும் நேர்ந்திருக்கும். அச்சிடும்போது அவ்வுலாவி பக்கத்தை உள்ளே தனி ஆவணமாக மீண்டும் ஒரு படியெடுக்கிறது. எம் நிரலின் ஆட்சி அப்படிக்குள் செல்லாது. அங்கே புதிய பெயர்கள் மறுபடியும் அறியாப் பெயர்களே. இக்குறையை நீக்குதற்கெனவே ஷிவ் நிரலுக்கு அச்சுக்குரிய தனி வடிவம் ஒன்று பின்னர் எழுந்தது.

உடன் கண்ட பிற பிழைகள்

படியெடுப்பிற் பழைய உலாவிகள் செய்யும் பிழைகள் இன்னும் சில உள. ஓர் உறுப்புக்கு இட்ட நிகழ்வு ஏவல்கள், அதாவது சொடுக்கினால் இன்னது செய்க என்பன போன்ற கட்டளைகள், படிக்குச் செல்லலாகா என்பது பொதுவிதி. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகள் தமக்கே உரிய 'அட்டாச்ஈவென்ட்' முறையால் இட்ட ஏவல்களைப் படிக்கும் சேர்த்துக் கொடுத்தன. அதனினும் கொடிது, படியினின்று ஏவலை நீக்கினால் மூலத்தினின்றும் அது நீங்கியது. குறியிட்டுத் தெரிவு செய்யும் கட்டங்களில் இட்ட குறி ஆறு முதல் எட்டு வரையுள்ள பதிப்புகளின் படியில் காணாமற்போனது. ஏழாம் பதிப்பிலும் அதற்கு முன்னும் வகுப்புப் பண்பைச் 'செட்அட்ரிப்யூட்' கட்டளையால் 'கிளாஸ்' என்னும் பெயரிட்டு வைத்தால் விதி சேராது. 'கிளாஸ்நேம்' என்னும் பெயராலேயே வைத்தல் வேண்டும்.

இனி, உலாவியின்மேற் பழிபோட இயலாத பிழை ஒன்று. மாதிரி உறுப்புக்குத் தனியடையாளப் பெயர் இருந்தால் படியும் அதே அடையாளத்தோடு பிறக்கும். இது புதிய உலாவிகளுக்கும் ஒக்கும். அடையாளத்தைச் சொல்லி அழைத்தால் முதலில் நிற்பதே எழுந்து வரும், மற்றவை வாரா. ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருக்க, தபால்காரர் முதல் வீட்டிலேயே எல்லாக் கடிதங்களையும் கொடுத்துவிட்டுப் போவது போல், நூறு அட்டைக்குரிய திருத்தங்களும் மாதிரி அட்டையிலேயே விழுந்து ஒன்றையொன்று அழிக்கும். படி பிறந்தவுடன், பக்கத்தில் ஒட்டுமுன், அடையாளத்தை மாற்றுதல் அல்லது நீக்குதல் வேண்டும்.

திருத்தம்

இறுதியில் யாம் மேற்கொண்ட திருத்தங்கள் இரண்டு. ஆர்ட்டிகிள், அசைடு என்னும் புதுப்பெயர்களைக் கைவிட்டு, எல்லா உலாவியும் தொன்றுதொட்டு அறிந்த 'டிவ்' என்னும் உறுப்புக்கு வகுப்புப் பெயர் கொடுத்து அட்டையை மீண்டும் அமைத்தோம். விதிகள் வகுப்புப் பெயரைப் பற்றின. அதன் பின்னர்த் திரையிலும் அச்சிலும் படிகள் மூலத்தை ஒத்தன. பொருளுக்கேற்ற பெயரைத் துறந்தது வருத்தமே. ஆயினும் ஐந்தாம் பதிப்பின் விதிகள் முடிந்த பரிந்துரையாக வெளிவந்ததே 2014 அக்டோபர் 28இல்தான். அதற்கு முன்னரே அவற்றை எல்லா உலாவியும் அறியும் என எதிர்பார்த்தது எம் அவசரம்.

மற்றைய திருத்தமே முதன்மையானது. 'எம் ஊகம்' என்னும் சொற்களை நடைத்தாளினின்று எடுத்து அட்டையின் உரையிலேயே எழுதினோம். ஊக வடிவத்தின் முன் உடுக்குறியும் இட்டோம். கிடைக்காத, ஆராய்ச்சியாளர் அமைத்த வடிவத்துக்கு உடுக்குறி இடுதல் சிலைக்கர் என்னும் செருமானிய அறிஞர் பரப்பிய வழக்கு. ஒப்பியல் மொழிநூலார் இன்றும் கைக்கொள்வது. நடைத்தாள் முற்றும் அழிந்து, எழுத்தெல்லாம் ஓரளவாகி, வரியெல்லாம் ஒன்றாகிக் கிடப்பினும் 'கொல்லாமாவு எம் ஊகம் *கொல்லமாவு' என்றே அட்டை நிற்கும். படிப்பவர் மயங்கார். எழுத்தின் பருமை, சாய்வு, நிறம் ஆகியவை பாடத்தின் அழகைச் சார்ந்தவை. அவற்றை மாற்றினால் பாடம் மாறாது. இது வழக்கு, இது ஊகம் என்னும் வேற்றுமையோ பாடத்தையே சார்ந்தது. அதனை நடைத்தாளின் பொறுப்பில் விட்ட பிழை எம்முடையது. உலாவி அதனை வெளிப்படுத்தியது, அவ்வளவே. யாம் பார்த்த மின்பதிப்புகள் சிலவற்றிலும் மூலத்தையும் பாடவேறுபாட்டையும் நிறத்தால் மட்டும் பிரித்திருக்கக் கண்டோம். கறுப்பு மையில் அச்சிட்டால் அவற்றின் நிலை யாதாகும் என்பதை அப்பதிப்பாசிரியர்கள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராக.

பழைய அச்சுத்தாளைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகளைப் படிப்போர்க்கு ஒரு குறிப்பு. அத்தாளின் அடியிலோ தலையிலோ பக்கத்தின் முகவரியும் அச்சிட்ட நாளும் பெரும்பாலும் இருக்கும். நாள் 2009க்கும் 2014க்கும் இடைப்பட்டதாய் இருந்து, முகவரி ஒரு நிறுவனத்தின் உள்வலையைக் குறிப்பதாய் இருந்து, தனித்தனியே நிற்க வேண்டிய பகுதிகள் ஒரே வரியில் தொடர்ந்தோடக் கண்டால் ஐயுறுக. எக்ஸ்பி இயக்கத்துக்குரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிவுற்றதாயினும், அதன் பின்னும் அக்கணிப்பொறிகள் சில கூடங்களில் ஓடியதை யாம் கண்டிருக்கிறோம். ஆகவே பின்னைய நாளுடைய தாளையும் முற்றும் நம்புதற்கில்லை. அதே பக்கத்தைப் புதிய உலாவியில் திறந்து ஒப்பிடுக. பக்கம் மறைந்துபோயிருப்பின், தொகுத்தவரின் கைக்குறிப்பைத் தேடுக.

மாணவி அவ்வாறே செய்தார். எம் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அதில் கொல்லாமாவு என்னும் வடிவத்தின் எதிரே ஊரும் நாளும் இருந்தன, கொல்லமாவின் எதிரே எம் கையெழுத்தில் ஒரு வினாக்குறி மட்டுமே இருந்தது. அதனோடு அமையாது, மேற்கே சென்று தாமும் கேட்டு வந்தார். அவர் கேட்டதும் கொல்லாமாவே. அவர்தம் ஆய்வேட்டில் அவ்வடிவம் ஒன்றே நின்றது. எம் ஊகம் உடுக்குறியோடு அடிக்குறிப்பிற்குச் சென்றது. அதனைத் தாம் ஏற்கவில்லை என்றும் அவ்விடத்திலேயே எழுதியிருக்கிறார்.